கண்ணாடியில் முதல் இடம்

சவரக் கடையில் உட்கார்ந்து வாதம் செய்கிறவர்களுக்கு வீட்டில் வேலை இல்லை என்று என் தம்பியின் மனைவி சொல்வாள். அவள் சொல்வது சரிதான். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் எனக்கு வீட்டில் ஒரு வேலையும் இருந்ததில்லை. நீங்கள் துண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் கண்ணாடியிலிருந்து ஆரம்பிக்காவிட்டால் துண்டு உங்களுக்குப் புரியாது.

நாங்கள் மூன்று பேர். கடைக்காரர், ஓய்வு பெற்ற நடுவர் ஒருவர், குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிற நான். எல்லாக் காலத்துக்கும் சிறந்த பத்து வீரர்கள் யார் என்பதுதான் எங்கள் பேச்சு. முதலில் உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டோம். ஒரு பெயரில்கூட மூவரும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் கடைக்காரர் ஒரு விதி போட்டார். டிவியில் பார்த்தவன் கணக்கில் வரமாட்டான். மூவரும் மேடைக்குப் பக்கத்தில் இருந்து கண்ணால் பார்த்தவனை மட்டும்தான் எழுதலாம். பட்டியலைக் கண்ணாடியின் மேல் மூலையில் சோப்பால் எழுதிவைப்பார். மூவரும் தலையாட்டினால் அழித்து எழுதுவார். ஒன்பதாம் இடத்துக்குக் கொசுவா, இடதுகையா என்று ஒன்றரை வருடம் அடித்துக்கொண்டோம். கொசு என்பது ஒரு வீரரின் பட்டப்பெயர். பாவம், நல்ல மனிதர்.

முதல் இடத்தில் தபால்காரர். உண்மையிலேயே தபால் கொடுத்துக்கொண்டிருந்தவர். அறுபத்தொரு சண்டை, ஏழு தோல்வி. இரண்டாம் இடத்தில் என் தம்பி. இருபத்தாறு சண்டை, இருபத்தாறும் வெற்றி. நான் பட்டியலில் இல்லை. பதினொன்றாவதாக என் பெயர் ஒரு தடவை பேச்சில் வந்தது. அதற்குள் யாரோ முடி வெட்ட வந்துவிட்டார்கள்.

“தோத்ததே இல்லாதவனைக் கீழ போட்டுட்டு, ஏழு தடவை தோத்தவரை மேல வெச்சிருக்கீங்க. இது எந்த ஊர் நியாயம்?” என்று ஒரு நாள் கேட்டேன்.

நடுவர் முகமெல்லாம் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். “உன் தம்பி கீழ விழுந்ததே இல்லையேப்பா. விழுந்தா எந்திரிப்பானான்னு யாருக்குத் தெரியும்? தபால்காரர் பதினோரு தடவை விழுந்து எந்திரிச்சாரு. நானே பக்கத்துல நின்னு எண்ணியிருக்கேன்.”

“விழட்டும், எந்திரிக்கட்டும், மாத்தி எழுதிடுவோம். சோப்புதானே” என்றார் கடைக்காரர்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நியாயமான வாதம் என்றே எனக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

அடுத்த மாதம் தம்பிக்கு இருபத்தேழாவது சண்டை. வயது முப்பத்துநான்கு. இதோடு விட்டுவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். எதிராளி இருபத்துமூன்று வயது கிரேன் ஓட்டுநர்; கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி இருக்கும். மாலை நான்கு மணிக்குச் சண்டை. நடுவரையும் கடைக்காரரையும் இரண்டாம் வரிசையில் நானே இடம் பிடித்து உட்காரவைத்தேன்.

ஆறாவது சுற்றில் தம்பி விழுந்தான். முதன்முறையாக. நான் உடனே இரண்டாம் வரிசையைத்தான் பார்த்தேன். நடுவர் பழக்க தோஷத்தில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு எண்ணுவதற்குள் தம்பி எழுந்துவிட்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து என்ன பயன்?

மணி அடித்ததும் வந்து முக்காலியில் உட்கார்ந்தான். “அண்ணா, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. போதும்ணா” என்றான்.

“ரெண்டு பேரையும் அடி” என்றேன். சிரித்தான். எப்போதும் என் பேச்சுக்குச் சிரிப்பான்.

துண்டு என் தோளில்தான் இருந்தது. அதை மேடைக்குள் வீசினால் சண்டை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அது தோல்வி என்று எழுதப்படும். இருபத்தாறு வருடமாக நான் துண்டு வீசுகிறவர்களை மதிப்பதில்லை. தபால்காரரோடு நான் மோதிய இரண்டாவது சண்டையில், நான்காவது சுற்றில் நான் விழுந்தேன். ஆறு எண்ணுவதற்குள் எழுந்தும் நின்றேன். அதற்குள் என் பயிற்சியாளர் துண்டை வீசிவிட்டார். என்னைக் காப்பாற்றினாராம். அந்தத் துண்டு மட்டும் விழாமல் இருந்திருந்தால் அந்தக் கண்ணாடியில் யார் பெயர் எங்கே இருந்திருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. நான் யோசித்திருக்கிறேன்.

ஏழாவது சுற்று முடிந்ததும் மருத்துவர் எங்கள் மூலைக்கு ஏறி வந்தார். தம்பியின் நடை அவருக்குப் பிடிக்கவில்லை. மருத்துவர்கள் கேட்பது மூன்றே கேள்வி. இது எந்த அரங்கம், எத்தனை சுற்று முடிந்திருக்கிறது, எத்தனை விரல். முதல் இரண்டுக்கும் பதிலை, காதைத் துடைக்கிற சாக்கில் முன்பே சொல்லிவிட்டேன். எங்கள் தொழிலில் பலர் செய்வதுதான். மூன்றாவதுதான் கஷ்டம். அதற்கு எங்களிடம் வேறு வழி இருந்தது. பயிற்சிக்கூடத்தில் மணல்மூட்டை குத்துகிற சத்தத்தில் காது கேட்காது என்பதால், பதினைந்து வயதிலிருந்தே அவன் முதுகில் விரலால் அழுத்தித்தான் சொல்வேன். ஒரு அழுத்து என்றால் இடது, இரண்டு என்றால் வலது, மூன்று என்றால் பின்வாங்கு. யோசிக்காமல் செய்வான். துண்டை அவன் தோள் மேல் போர்த்தி, அதற்கடியில் கையை வைத்துக்கொண்டேன்.

மருத்துவர் விரலைக் காட்டினார். நான் மூன்று முறை அழுத்தினேன்.

“மூணு” என்றான்.

மருத்துவர் இறங்கிப் போனார். அவர்மேல் தவறில்லை. அவரை விட்டுவிடுங்கள்.

மீதி மூன்று சுற்றையும் அவன் ஆடினான். ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தான். தோல்வியும் இல்லை, விழுந்து எழுந்ததும் ஆயிற்று. உடை மாற்றும் அறையில் வலது காலுக்கு இடது ஷூவை மாட்டிக்கொண்டிருந்தான். பிறகு வாந்தி எடுத்தான். அப்போதே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். நடுவர் உள்ளே வந்து, “ஞாயித்துக்கிழமை மாத்தி எழுதிடலாம்ப்பா” என்று சொல்லும்வரை காத்திருந்தேன். அவர் வர நாற்பது நிமிடம் ஆயிற்று. வயதானவர், படியில் கூட்டம்.

ஆஸ்பத்திரியில் தம்பி மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “போதும்னு அவரு சொன்னாரா மாமா?”

“சொல்லவே இல்லம்மா” என்றேன்.

அவள் என்னை நம்பினாள். இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறாள். அவனுக்கும் அவள்தான் ஊட்டுகிறாள், வாயைத் துடைத்துவிடுகிறாள். தன் குழந்தையின் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. ஆள் ஜம்மென்று இருக்கிறான், அதுதான் பார்க்கிறவர்களுக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் மாதம் அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். சவரமும் ஆகும், கண்ணாடியையும் பார்ப்பான் என்றுதான். கடைக்காரர் வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டினார். முதல் இடத்தில் அவன் பெயர், நல்ல பெரிய எழுத்தில். அவன் அதைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“தம்பி, நீ இப்போ எத்தனாவதுன்னு தெரியுதா?” என்று கடைக்காரர் குனிந்து கேட்டார்.

அவன் துணியின் ஓரத்தை விரலில் சுருட்டிக்கொண்டிருந்தான். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இவ்வளவும் செய்து, இவன் அதை ஒரு தடவைகூட வாயால் சொல்லாமல் போனால் எப்படி? துணிக்கடியில் கையை விட்டு அவன் முதுகில் ஒரு முறை அழுத்தினேன்.

“ஒண்ணு” என்றான்.

கடைக்காரர் அழுதுவிட்டார். நடுவர் அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, ஈரத் துணியை எடுத்து, கண்ணாடியில் இருந்த பத்துப் பெயரையும் துடைத்துவிட்டு வெளியே போனார். மூவரும் தலையாட்டாமல் துடைக்கக்கூடாது என்பது விதி. அவரே அதை மீறினார். உங்களிடம் வந்து புகார் கொடுத்தவரும் அவர்தான் என்று நினைக்கிறேன். எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

துண்டை நான் வேண்டுமென்றேதான் வீசவில்லை. விரல்களை நான்தான் சொன்னேன். அவன் போதும் என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். எல்லாம் அவனுக்காகத்தான் செய்தேன், அது அவனுக்குத் தெரியும். நம்பாவிட்டால் வீட்டுக்கு வந்து, எத்தனையாவது இடம் என்று அவனையே கேளுங்கள். சரியாகச் சொல்வான். நான் மட்டும் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்ள வேண்டும்.