மூன்றாவது ஆணி பற்றி ஜானகி டீச்சர் திருத்திச் சொன்னது

நாள்: 17.7.2024, புதன்கிழமை. நேரம்: காலை 9.40. இடம்: மலாக்கா, காவல் நிலைய விசாரணை அறை. சாட்சி தமிழில் சொல்ல, சார்ஜன் புவனேந்திரன் எழுதியது.

என் பெயர் ஜானகி, தகப்பனார் பெயர் வீரமுத்து. வயது நாற்பத்து மூன்று. புக்கிட் பெருவாங்கில் குடியிருக்கிறேன். தஞ்சோங் கிளிங் கடலோரச் சாலையில் உள்ள செலாட் கிரெஸ்ட் அனைத்துலகப் பள்ளியில் ஆறு ஆண்டுகளாக நடனப் பிரிவின் தலைவியாக வேலை செய்கிறேன். பாலே, ஹிப் ஹாப், மலாய் நடனமான ஸாப்பின் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பரதநாட்டியத்தை நானே சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் பதினோரு நாட்டுப் பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

இதே வழக்கில் ஞாயிற்றுக்கிழமை, 14ஆம் தேதி, நான் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு மறைப்பும் ஒரு பொய்யும் இருக்கின்றன. இன்று யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன். சார்ஜன் மூன்று முறை உட்காரச் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே சொல்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளலாம் என்றேன்.

சனிக்கிழமை, 13ஆம் தேதி, பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளி அரங்கில் ஆண்டு நடன நிகழ்ச்சி. பள்ளியின் இயக்குநர் குழு முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தது. அடுத்த ஆண்டு நடனத்தைத் தனிப் பிரிவாக வைத்திருப்பதா, இல்லை உடற்பயிற்சி வகுப்போடு சேர்த்துவிடுவதா என்பதை இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் முடிவு செய்யப்போவதாகத் தலைமையாசிரியர் என்னிடம் சொல்லியிருந்தார். அவர் அதைச் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை, நடந்தது புரியவேண்டும் என்று சொல்கிறேன்.

அன்று காலை எட்டு மணிக்கு அரங்குக்குப் போனேன். பள்ளியின் பராமரிப்பு வேலைகளைப் பார்க்கும் சாமுவேல் எனக்கு முன்பே வந்து பின்திரையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு இருக்கும், பிள்ளைகள் எல்லாரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். திரை காற்றில் ஆடாமல் இருக்க அதன் அடிவிளிம்பில் நீளமான மரச்சட்டம் ஒன்றை வைத்து ஆணி அடித்திருந்தார். அதன் பிறகு மேடை முழுவதையும் பெருக்கினார். அதன் பிறகு ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி மேடையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை இழுத்தார். வெறுங்காலோடு ஆடுகிற பிள்ளைகள் என்பதால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அவர் இப்படிச் செய்வது வழக்கம். அவரிடம் இதை யாரும் செய்யச் சொன்னதில்லை. அதன் பிறகு நானும் அவரும் சாம்பல் நிற ரப்பர் விரிப்பை விரித்து ஓரங்களை நாடாவால் ஒட்டினோம். பன்னிரண்டேகால் மணிக்கு அவர், "டீச்சர், மேடை கிளீன்லா. நான் மக்கான் போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அவர் போன பிறகு நான் அரங்கின் கடைசி வரிசையில் நின்று மேடையைப் பார்த்தேன். திரையின் வலது ஓரத்தில் அந்தச் சட்டத்தின் முனை வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. சாமுவேல் திரும்பி வரும்வரை காத்திருந்தால் முக்கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். எனக்குக் காத்திருக்கத் தெரியாது, என் வீட்டிலும் பள்ளியிலும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவருடைய பெட்டியிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நானே சட்டத்தின் முனையை நெம்பினேன். நான் நெம்பிய முனையில் மூன்று ஆணிகள் இருந்தன. அந்த இடத்தில் சட்டம் பிளந்து உடைந்தது. இரண்டு ஆணிகள் என் கையோடு வந்தன. மூன்றாவது ஆணி உடைந்த மரத்துண்டிலேயே இருக்கும் என்று நினைத்து, துண்டுகளை அள்ளித் திரைக்குப் பின்னால் போட்டேன். எத்தனை துண்டு என்று பார்க்கவில்லை. இதைத்தான் நான் முதல் வாக்குமூலத்தில் சொல்லாமல் விட்டேன். "மேடை வேலை முழுவதும் சாமுவேலின் பொறுப்பு" என்று மட்டும் சொன்னேன்.

அந்த இரண்டு ஆணிகளும் என் கைப்பையிலேயே இருந்தன. இப்போது மேசைமேல் வைக்கிறேன். சார்ஜன் அவற்றை உறையில் போட்டு மேலே எண் எழுதினார்.

அதன் பிறகு ஒரு மணியளவில் பிள்ளைகளுக்கு அல்தா இடவேண்டும் என்று பையைத் திறந்தால் புட்டி இல்லை. சார்ஜன் கேட்டதால் விளக்குகிறேன்: அல்தா என்பது ஆடுகிறவர்கள் விரல்நுனிகளிலும் பாதத்தைச் சுற்றியும் பூசிக்கொள்ளும் சிவப்புச் சாயம். பூசி நன்றாகக் காய்ந்த பிறகுதான் மேடை ஏறவேண்டும், இல்லாவிட்டால் தரையெல்லாம் ஒட்டும். நான் புட்டியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். காரை எடுத்துக்கொண்டு புக்கிட் பெருவாங்குக்கு ஓடினேன். சனிக்கிழமை என்பதால் சுற்றுலா பஸ்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. திரும்பி வரும்போது இரண்டரை மணி. பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து அவசர அவசரமாகப் பூசினோம். சரியாகக் காயவில்லை. முதல் உருப்படியிலேயே விரிப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்புத் தடங்கள் விழுந்தன. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

கடைசி உருப்படி தில்லானா, எட்டு நிமிடம். முன்னால் ஆடியவள் ஷாந்தினி, வயது பதினைந்து, புகார் கொடுத்த திரு. தினேஷ்வரனின் மகள். ஐந்து ஆண்டுகளாக என்னிடம் ஆடுகிறாள். நான் மேடையின் இடது ஓரத்தில் உட்கார்ந்து, கையில் தாளத்தை வைத்துத் தட்டிக்கொண்டு ஜதி சொன்னேன். என் தட்டு நின்றால் ஆட்டம் நிற்கும். அது நிற்காதவரை பிள்ளைகள் ஆடவேண்டும். கால் சலங்கை அறுந்தாலும், விளக்கு அணைந்தாலும், தலைப்பூ விழுந்தாலும் முகத்தில் சிரிப்பு மாறாமல் ஆடவேண்டும் என்று முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் யாராவது கொசுக்கடி சொறிந்தால்கூடத் திட்டுவேன்.

தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் ஷாந்தினி பின்திரையின் வலது ஓரத்துக்குப் போய்த் திரும்பினாள். திரும்பியதிலிருந்து அவளுடைய வலது கால் சரியாகத் தட்டவில்லை. பாதத்தை முழுவதுமாக ஊன்றாமல் குதிகாலால் சமாளித்தாள். பின்னாலேயே சிவப்புத் தடம் வந்தது. நான் அல்தா என்று நினைத்தேன். காயாத சாயம் வழுக்குமே என்று பயந்து காலை மெதுவாக வைக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. அவள் என் பக்கம் வந்தபோது, மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நல்லாத் தட்டு" என்றேன். அவள் இன்னும் அதிகமாகச் சிரித்துக்கொண்டு நன்றாகத் தட்டினாள்.

இதுவரை நடந்தது தவறு. இதற்கு மேல் சொல்லப்போவது தவறு இல்லை, தெரிந்தே செய்தது. சார்ஜன் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

அல்தா எப்படி ஒட்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முதல் அடியில் அழுத்தமாக விழும், அடுத்த அடியில் மங்கும், நாலாவது ஐந்தாவது அடியில் போய்விடும். ஷாந்தினியின் தடம் போகப் போக அழுத்தமாகிக்கொண்டே வந்தது. விளக்கில் பளபளத்தது. ஆறாவது நிமிடம் முடியும்போது அது சாயம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம் வந்தது என்று எழுதவேண்டாம். தெரிந்துவிட்டது. அப்போது கையை நிறுத்தியிருந்தால் போதும். முன்வரிசையில் இயக்குநர்களில் ஒருவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு நிமிடம்தானே என்று மனதில் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு வேகமான பகுதி வந்தது. நான் காலத்தைக் கூட்டித் தட்டினேன்.

ஆட்டம் முடிந்தது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஷாந்தினி வணங்கிவிட்டு நடந்தே உள்ளே போனாள். என்னை மேடையின் நடுவில் நிற்கவைத்துப் பூங்கொத்து கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நான் திரைக்குப் பின்னால் போனபோது சாமுவேல் அவளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடியிருந்தார். மருத்துவமனையில் பாதத்தின் முன்பக்கச் சதைக்குள்ளிருந்து ஓர் அங்குல ஆணியை எடுத்ததாகச் சொன்னார்கள். அடித்து அடித்து ஆடியதால் உள்ளே முழுவதுமாக இறங்கி, ஒரு தசைநாரைக் கிழித்திருக்கிறது. திரையின் வலது ஓரத்தில் விரல் நீள மரத்துண்டு ஒன்று பிளந்து கிடந்ததைப் பிறகு பார்த்தார்கள். மறுபடி ஆட முடியுமா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னார்.

மருத்துவமனை வராந்தாவில் ஆணியைப் பார்த்ததும் சாமுவேல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு திரு. தினேஷ்வரனிடம் அவராகவே போய், "ஆணி நம்மோடதுதாங்க சார். காந்தம் போட்டு இழுத்தேன். எப்படி விட்டேன்னு தெரியல. என் தப்புதான்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கைப்பையில் மற்ற இரண்டும் இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் இங்கே வந்து, மேடை வேலை அவர் பொறுப்பு என்றும், ஆட்டம் முடியும்வரை நான் எதையும் கவனிக்கவில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனேன்.

திங்கட்கிழமை பள்ளி நிர்வாகம் சாமுவேலை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. அன்று மாலை அவர் எனக்குப் போன் செய்தார். கோபித்துக்கொள்வார், ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர், "டீச்சர், பிள்ளை எப்படி இருக்கு? நீங்க போய்ப் பாத்தீங்களா? என்னைய உள்ள விட மாட்டேங்கறாங்க லா" என்றார். நான் பார்க்கவில்லை. பார்க்கிறேன் என்றேன். இரவு முழுவதும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். என் கணவர் எழுந்து வந்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை பிற்பகல் மருத்துவமனைக்குப் போனேன். ஷாந்தினியின் தாயார் தேநீர் வாங்கக் கீழே போயிருந்தார். அவளுடைய வலது கால் கட்டுப்போட்டுத் தலையணைமேல் இருந்தது. விரல்நுனிகளில் அல்தா இன்னும் முழுதாகப் போகவில்லை. நான் அவளைத் திட்டினேன். அறைக்குள் போனதும் நான் செய்த முதல் காரியம் அதுதான். "கால்ல ஆணி ஏறிருக்கு, யாராச்சும் ஆடுவாங்களா? ஏன் ஷாந்தினி நிறுத்தல?" என்று கேட்டேன். அவள் என்னைக் குழப்பத்தோடு பார்த்தாள். குற்றம் சொல்கிற தொனியே அவளிடம் இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்:

"நீங்க பாத்தீங்கல்ல டீச்சர். கீழ ரத்தத்தையும் பாத்தீங்க, என்னையும் பாத்தீங்க. பாத்துட்டு ஸ்பீடாத்தானே தட்டுனீங்க. அதான் ரொம்பப் பெரிய அடி இல்லபோலன்னு நெனச்சேன்."

நான் வெளியே வந்துவிட்டேன். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்று காலை சாமுவேலின் வீட்டுக்கு முதலில் போய் ஆணியைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்தேன். அவர், "அப்ப நான் சுத்தமாத்தான் கூட்டிருக்கேன்" என்றார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு என்னையே பிடிக்கவில்லை. பள்ளி என்ன முடிவு எடுத்தாலும், திரு. தினேஷ்வரன் யார்மேல் வழக்குப் போட்டாலும், இந்த ஆணியில் சாமுவேலுக்குப் பங்கு இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவும் நான் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் என் வாயால் சொன்னவை. சார்ஜன் எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினார். தில்லானாவின் ஆறாவது நிமிடம் பற்றிய இடத்தில் "ரத்தம் என்பதைச் சரியாகக் கவனிக்கவில்லை" என்று அவர் எழுதியிருந்தார். எனக்கு நல்லது செய்ய நினைத்து எழுதியிருக்கலாம். அந்த வரியை அடிக்கச் சொல்லி, "ரத்தம் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை" என்று என் கையாலேயே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். அந்தத் திருத்தத்தோடு சேர்த்து இது முழுவதும் உண்மை.

(ஒப்பம்)
ஜானகி த/பெ வீரமுத்து

என் முன்னிலையில் வாசித்துக் காட்டப்பட்டு, திருத்தப்பட்டு, ஒப்பமிடப்பட்டது. சாட்சி கடைசிவரை உட்காரவில்லை.
சார்ஜன் புவனேந்திரன்
காலை 11.25