பெட்டியின் பக்கவாட்டில் இருந்த எண்

என் பெயர் சிவபாலன் த/பெ காத்தவராயன். வயது 49. பந்திங், தாமான் செம்பாக்கா குடியிருப்பில், 14ஆம் எண் வீட்டில் மனைவி இந்திராணியுடன் குடியிருக்கிறேன். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைப் பிரித்து ஏற்றும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை. ஒன்பது வருடமாக மேற்பார்வையாளர். இந்த வாக்குமூலத்தை யாருடைய மிரட்டலுக்கும் பயந்து தரவில்லை.

என் மனைவியின் தங்கை கணவர் தயாளன் த/பெ மருதை, வயது 31, சென்ற அக்டோபரில் என் பிரிவில் சேர்ந்தார். விமான நிலையத்தின் உள்ளே நுழையும் அட்டைக்காக நடந்த போலீஸ் சோதனையில் அவர் பெயரில் ஒரு குற்றமும் இல்லை என்று வந்தது.

மார்ச் 12ஆம் தேதி பகல் பதினோரு மணிக்கு அவர் விமானத்தின் அடியில் பெட்டி ஏற்ற வேண்டியவர். ஆனால் பெட்டி பிரிக்கும் கூடத்தில், கேமரா படாத தூணுக்குப் பின்னால், ஒரு தள்ளுவண்டியோடு நின்றார். "என்னா தயாளா, தூணுக்கு முட்டுக் கொடுக்கிறியா?" என்று கேட்டேன். "வெயிலு தாங்கலண்ணே, செத்த நேரம் நின்னுட்டுப் போறேன்" என்றார். கையில் கையுறை இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொந்தக்காரன் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு 14ஆம் தேதி, அந்த விமானத்தில் போன லூய் சியூ ஃபோங் என்ற 61 வயது ஓய்வுபெற்ற நர்ஸ், இறங்கிய ஊரில் எட்டுக் கிலோ போதைப்பொருள் இருந்த பெட்டியோடு பிடிபட்டதாகச் செய்தி வந்தது. மகள் பிள்ளை பெற்றிருப்பதைப் பார்க்கப் போனவர். பெட்டி தன்னுடையது இல்லை என்று அழுதாராம். கைப்பிடியில் இருந்த சீட்டு அவர் பெயரில் இருந்ததால் யாரும் நம்பவில்லை. எங்கள் ஆள் ஹாஃபிஸ், "ஆத்தா பெரிய ஆளுதான்லா!" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதன் பிறகு 20ஆம் தேதி காலை, தொலைந்த பெட்டிகள் அறையில் வேலை செய்யும் ரோஸ்னா என்னைக் கூப்பிட்டார். "சிவா, இந்தப் பெட்டிக்குச் சீட்டே இல்ல. எட்டு நாளா கேக்க நாதியில்லாம கெடக்குது. எண்ணெ ஒழுகி என் ரூமே நாறுது. வந்து தூக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். உள்ளே உடைந்த நல்லெண்ணெய் போத்தல், குழந்தைக்கான காலுறைகள். கைப்பிடியில் சீட்டு இல்லை. ஆனால் முகப்பில் பயணிகளிடம் பெட்டியை வாங்கி அனுப்புகிறவர்கள் நீளச் சீட்டைக் கைப்பிடியில் மாட்டி, அதே எண்ணுள்ள விரலளவு ஸ்டிக்கர் ஒன்றைப் பெட்டியின் பக்கவாட்டிலும் ஒட்டுவார்கள். அது அப்படியே இருந்தது. சீட்டைப் பிய்த்து வேறு பெட்டியில் மாட்டியவர் இதை மறந்திருக்கிறார். எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். லூய் அம்மாளின் பெயர் வந்தது. பெட்டியை என் அறையில் வைத்துப் பூட்டினேன்.

அதன் பிறகு மறுநாள் மதியம் கேண்டீனில் தயாளனைக் கூப்பிட்டு, அந்த நர்ஸம்மாவின் பெட்டி கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நகத்தால சொரண்டுனா வந்துரும்ணே, ஸ்டிக்கர்தானே" என்றார். ஸ்டிக்கரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. "நீ மனுசனாடா?" என்றேன். "கெழவிய விட்ருவாங்கண்ணே. ஒங்க கொழுந்தியாளுக்கு இது ஏழாம் மாசம். அப்புறம், எனக்குக் கையெழுத்துப் போட்டது யாரு? போனா ரெண்டு பேரும்தான் உள்ள போவோம்" என்றார்.

20ஆம் தேதியே பெட்டியைக் கண்டவர் இன்று 24ஆம் தேதி வரை ஏன் வரவில்லை என்று அதிகாரி கேட்டார். சொல்கிறேன். உள்ளே நுழையும் அட்டைக்கான மனுவில், இந்த ஆளை ஐந்து வருடமாவது அறிந்த ஒருவர் சான்று தர வேண்டும். நான் ஆறு வருடம் என்று எழுதினேன். பெண் பார்க்க வந்த அன்றுதான் அவர் முகத்தையே பார்த்தேன். மனுவில் எழுதியபோது அவரைப் பார்த்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் பிரிவில் சொந்தக்காரர்களுக்கு எல்லாருமே இப்படித்தான் எழுதிக் கொடுப்போம். மாட்டாதவனுக்குக் குற்றப்பதிவு ஏது? அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்கப்பட்ட ஒரே ஆள் நான்தான்.

வேலை போகும், கம்பி எண்ண வேண்டி வரும் என்று நாலு நாள் பயந்தேன். அந்த நாலு நாளும் அந்த அம்மா உள்ளே இருந்தார். நான் வீட்டில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். வெட்கமாக இருக்கிறது. என்னை என்ன செய்வதானாலும் பிறகு செய்யுங்கள். முதலில் அந்த எண்ணைப் படமெடுத்து அவர் இருக்கும் ஊருக்கு அனுப்புங்கள்.

இதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் இல்லை. ஆறு வருடம் என்று எழுதிய மனுவில் இருப்பதும் என் கையெழுத்துத்தான்.

(ஒப்பம்)
கா. சிவபாலன்