கோகுலனின் பெருவிரல்

— இரத்தத்தைக் கழுவிப் போட்டியளோ, விமலாக்கா?

— கழுவாமல்? விடிய எழும்பிப் பாக்கக் காகம் வந்து கொத்துது, மிஸ். கிணத்தடியில வேற என்ன செய்யச் சொல்லுறியள்?

— பொலிஸ் வந்து பாக்கிற வரைக்கும் அந்த இடத்தில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. உங்களுக்குத் தெரியாதோ?

— எனக்குத் தெரியும். காகத்துக்குத் தெரியேல்லை. இந்தக் கதிரையில இருங்கோ. சமூக சேவை மிஸ்ஸைக் கந்தோரில தூரத்தில நிண்டு காணுறதுதான். எங்கட வளவுக்குள்ள நீங்கள் வந்து மூண்டு வருசமாகுது.

— நேற்றே வர இருந்தனான். உங்கட தம்பி கோகுலன் கிராம சேவகர் கந்தோரில தன்ர பெருவிரலைத் தானே கடிச்சுக் கிழிச்சுப் போட்டார் எண்டு அறிவிச்சவை. காலமை வெளிக்கிடேக்கதான் மற்றக் கதை வந்தது. உங்கட மனிசன் செல்வராசாவுக்கு மண்டை பிளந்து, பெரியாஸ்பத்திரியில நினைவில்லாமல் கிடக்கிறாராம் எண்டு. ஸ்கந்தபுரம் சந்தி முழுக்க உதுதான் கதை. விசர்த் தம்பி அத்தானை மண்வெட்டியால போட்டிட்டானாம்.

— ஆர் சொன்னது?

— எல்லாரும். பழனியாண்டி அண்ணைதானே தன்ர ஓட்டோவில ஏத்திக்கொண்டு போனவர்.

— பழனியாண்டி அண்ணை வரேக்க எல்லாம் முடிஞ்சுது. அந்த மனிசன் கண்டது இரத்தத்தையும், நனைஞ்சு இடுப்பில ஒட்டின சாரத்தோட நடுங்கிக்கொண்டு கிடந்த என்ர தம்பியையும்தான். மிச்சத்தைச் சனம் தானே சோடிச்சுப் போட்டுது.

— கோகுலன் எங்க இப்ப?

— உங்களுக்குப் பின்னால. வேம்புக்குக் கீழ இருக்கிறான். எழும்பிப் போய் முதுகைப் பாருங்கோ.

— ஐயோ. உது என்னத்தால, அக்கா?

— தோட்டத்துக்குத் தண்ணி விடுற ஹோஸ். என்ர மனிசன் அதை இரண்டா மடிச்சு அடிச்சவர். அந்த வட்டம் வட்டமா இருக்கிறது நேற்றையது இல்லை. அது போன மாசம் சுருட்டால சுட்டது.

— இவ்வளவும் நடக்க ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?

— சொல்லத்தான் வந்தனான். போன ஆடியில உங்கட கந்தோருக்கு முன்னால நிண்டனான். அந்தாள் என்ர முழங்கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில நிண்டது. நீங்கள் சிரிச்சுப்போட்டு, தம்பி சுகமோ எண்டு கேட்டனீங்கள். சுகம் எண்டு சொன்னனான். சொல்லேக்க அவற்ற நகம் என்ர தோலுக்குள்ள நிண்டது.

— எனக்கு அது தெரியேல்லை.

— உங்கட பதிவில கோகுலனுக்குப் பொறுப்பாள் என்ர மனிசன். அவனுக்கு அரசாங்கம் குடுக்கிற உதவிக் காசை அவனுக்குப் பதிலா எடுக்கிற உரிமையும் அவருக்குத்தான். மூண்டு வருசத்துக்கு முன்னம் பதிய வந்த அண்டைக்கு நீங்கள் கோகுலனிட்டத்தான் கேள்வி கேட்டனீங்கள், பொய் சொல்லக்கூடாது. சண்டையில பட்ட செல் துண்டு மண்டைக்குள்ள இருக்கிறவன். ஒரு சொல்லு நாக்குக்கு வர அவனுக்கு ஒரு பொழுது வேணும். அதுக்குள்ள அந்தாள் மறுமொழி சொல்லிச்சுது. உவனுக்கு ஒண்டும் விளங்காது மிஸ், சாப்பாடும் பாயும்தான் தெரியும் எண்டு. நீங்களும் தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டு போட்டியள்.

— டொக்டரும் பாத்து, அவருக்கு விளங்காது எண்டுதானே கையெழுத்து வைச்சவர்.

— வைச்சவர். அண்டையோட என்ர தம்பி இந்த வீட்டில மனிசன் இல்லை. கறக்கிறதுக்கு மட்டும் அவிழ்க்கிற மாடு. வலிப்புக் குளிசைக்கு எண்டு இருந்த காசு அந்தாள் குடிக்கிற கசிப்பாப் போச்சுது. குளிசை இல்லாட்டி வலிப்பு வரும். வலிப்பு வந்தால் பாயிலயே மூத்திரம் போகும். பாயில போனால் அடி விழும். குறுக்க விழுந்தால் எனக்கும் விழும். தைப்பொங்கலண்டு போனதுதான் என்ர இந்த முன்பல்லு ரெண்டும்.

— தம்பியையும் கூட்டிக்கொண்டு எங்கயாவது போயிருக்கலாமே?

— எங்க? காசு அவற்ற கையில. அரைவாசி உடம்பு விளங்காதவனைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலில போய் நிக்கிறது?

— சரி. நேற்று என்ன நடந்தது? ஆறுதலாச் சொல்லுங்கோ.

— இவன் உயிரோட இருக்கிறான் எண்டு வருசத்துக்கு ஒருக்கா கிராம சேவகருக்கு முன்னால கொண்டுபோய்க் காட்டி, விரலடையாளம் வைக்கவேணும் எல்லோ. மோட்டச்சைக்கிளில இவனைத் தன்ர முதுகோட சேத்துச் சாரத்தால கட்டிக்கொண்டு போனவர். அங்க மை பூசக் கையைப் பிடிச்சிருக்கினம். தம்பி கையை இழுத்து, பெருவிரலை வாய்க்குள்ள வைச்சு, பல்லால தோலை உரிச்சுத் துப்பினவனாம். அடையாளம் வைக்க விரலில தோல் இல்லை. சனம் விசர் முத்திப் போச்சுது எண்டுது. எனக்கு மட்டும் விளங்கிச்சுது, மிஸ்.

— என்ன விளங்கினது?

— மாட்டன் எண்டு சொல்லுறான். வாயால சொல்லேலாதவன் பல்லால சொல்லிப் போட்டான்.

— பிறகு?

— கொண்டந்து முற்றத்தில தள்ளி விழுத்தினார். பத்துப் பேருக்கு முன்னால என்னைக் கேவலப்படுத்திப் போட்டாய் எண்டு சொல்லிச் சொல்லி அடிச்சார். ஹோஸ் கையில வழுக்கத் தொடங்க, காலால உழக்கினார். தம்பி கத்தேல்லை. அது அந்தாளுக்கு இன்னும் விசரைக் கிளப்பிச்சுது. தலைமயிரில பிடிச்சு இழுத்துக்கொண்டு போய், கிணத்தடித் தொட்டிக்குள்ள முகத்தை அமத்தினார். தூக்கிறது, அடையாளம் வைப்பியோ எண்டு கேக்கிறது, திருப்பியும் அமத்திறது. நான் காலில விழுந்தனான். வயித்தில உதைச்சு விட்டார். கடைசியா அமத்தினவர் தூக்கேல்லை. தம்பியின்ர கால் உதறிக்கொண்டு இருந்தது. பிறகு உதறேல்லை.

— காணும், அக்கா. இதோட நிப்பாட்டுங்கோ.

— மண்வெட்டி வாழைக்குப் பக்கத்தில கிடந்தது.

— நான் அரசாங்கத்து ஆள், விமலாக்கா. நீங்கள் சொன்னால் நான் கேக்காத மாதிரி இருக்கேலாது.

— கேளுங்கோ. அண்டைக்கு என்ர மனிசன் சொன்னதைக் கேட்டனீங்கள் எல்லோ, இண்டைக்கு நான் சொல்லுறதையும் கேளுங்கோ. மண்வெட்டியின்ர பின்பக்கத்தால அடிச்சனான். முதல் அடிக்கு அவர் திரும்பவுமில்லை, தம்பியை விடவுமில்லை. இரண்டாவது அடிக்குக் கை விட்டுப் போச்சுது. மூண்டாவது தேவையில்லை. ஆனா அடிச்சனான்.

— அந்த மூண்டாவதைப் பொலிசில சொல்லாதையுங்கோ. தம்பியின்ர உயிரைக் காப்பாத்தப் போன இடத்தில பட்டது எண்டு சொல்லுங்கோ. உங்கட மனிசன் தப்பி எழும்பினால் வழக்கு லேசு.

— உங்கட போன் அடிக்குது, மிஸ்.

— ஹலோ. ஓம், சாரங்காதான் கதைக்கிறன். பழனியாண்டி அண்ணையோ? ஓம், அவவின்ர வீட்டிலதான் நிக்கிறன்... எப்ப?... டொக்டர் சொன்னவரோ?... ஓம்... பொலிஸ் வெளிக்கிட்டிட்டுதோ? சரி அண்ணை, வையுங்கோ.

— செத்துப் போனாரோ?

— ஓம். இப்பதானாம். பொலிஸ் ஜீப் இஞ்சாலதான் வருகுதாம்.

— கடைசிச் சண்டையில, மாத்தளனில செல் பட்டுக் கிடந்த கோகுலனைத் தோளில போட்டுக்கொண்டு, கழுத்தளவு தண்ணிக்குள்ளால நடந்து வந்ததும் இந்தாள்தான், மிஸ். விட்டிட்டு வா எண்டு சனம் கத்தினது. விடேல்லை. அந்த மனிசன் எங்க போய்த் துலைஞ்சது எண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது.

— இருங்கோ, அக்கா. கொஞ்சம் தண்ணி குடியுங்கோ.

— அந்தக் கிணத்துத் தண்ணி எனக்கு இறங்காது. நான் உள்ளுக்குப் போனால் இவனை ஆர் பாக்கிறது? அதைச் சொல்லுங்கோ.

— வேற ஒரு உறவுக்காரரைப் பொறுப்புக்குப் போடவேணும். செல்வராசாவின்ர தமையன் அப்புத்துரை மல்லாவியில இருக்கிறார் எல்லோ.

— வருவார். காசும் சேர்ந்து வருகுதெண்டால் இண்டைக்கே வருவார். அவர் வளக்கிற நாயைக் கண்டிருக்கிறியளோ? மூண்டு காலிலதான் ஓடும்.

— அல்லாட்டி வவுனியாப் பக்கம் ஒரு இல்லம் இருக்கு. நான் கதைச்சுப் பாக்கிறன்.

— எங்க போக விருப்பம் எண்டு இவனிட்ட ஒருக்காக் கேளுங்கோவன்.

— கேட்டாலும் அது செல்லாது, அக்கா. பதிவின்படி அவருக்கு முடிவு எடுக்கேலாது.

— வாகனச் சத்தம் கேக்குது. அவங்கள் இறங்க முதல் சொல்லுறன், மனசில வைச்சிருங்கோ. முட்டை வித்து வாங்கின குளிசை கொஞ்சம் குசினியில சீனிப் பேணிக்குள்ள கிடக்கு. காலமையும் பொழுதுபடவும் குடுக்கவேணும். சோத்தை நல்லாக் குழைச்சு, வாயின்ர இடப்பக்கத்தால தீத்தவேணும். வலப்பக்கத்தால விழுங்க மாட்டான், புரைக்கேறிப் போகும். இருட்டில தனிய விட்டிடாதையுங்கோ.

— அக்கா... போக... வேண்டாம்.

— ஆர்? கோகுலன், நீங்களோ கதைச்சது?

— அடிச்சது... நான். இந்தக் கை... மண்வெட்டி... தூக்கும்.

— டேய் தம்பி, வாயை மூடு. மிஸ், அவன் பயத்தில புலம்புறான். அதைக் காதில எடுக்காதையுங்கோ.

— எழுதுங்கோ, மிஸ். எனக்கு... ஒண்டும் விளங்காது எண்டு... நீங்கள்தானே எழுதினனீங்கள். விளங்காதவனை... என்னெண்டு... மறியல் வீட்டில போடுவினம்?