அறுபத்து நான்காம் எண் மரம்

உங்கள் அலுவலக வாசலில் நிற்கிற புங்கமரத்தின் அடியை ஒட்டிச் சிமெண்ட் பூசி வைத்திருக்கிறார்கள். வேருக்கும் மூச்சு விட வேண்டும். சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்காவது உடைத்து, மண் தெரியும்படி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் பேச்சுவாக்கில் விட்டுப்போகும்.

எழுதிக்கொள்கிறவர் நிதானமாக எழுதட்டும். முப்பத்தோரு வருடம் தாவரவியல் நடத்தியவன் நான். குறிப்பு எடுக்கிறவர்களின் கை வேகம் பார்த்துப் பேசத் தெரியும்.

கல்லூரிக்குப் பின்னாலுள்ள காட்டை நீங்கள் பார்த்தீர்கள். பதினோரு ஏக்கர். நூற்றுப் பன்னிரண்டு வகை மரங்கள் என்று நுழைவுப் பலகையில் இருக்கும். அந்தப் பட்டியல் நான் போட்டது. வகைக்கு ஒரு மரமாகத் தேர்ந்தெடுத்து, எண் அடித்த தகடு மாட்டி, வருடத்துக்கு இரண்டு முறை ஒவ்வொன்றையும் சோதிப்பேன். சோதிப்பது என்றால் பெரிய வித்தை இல்லை. மரச் சுத்தியால் அடிமரத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வைரம் பாய்ந்த மரம் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே உளுத்துப் போனது பானையைத் தட்டின மாதிரி ஒலிக்கும். உளுத்த மரத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் பூசினால் அதன்மேல் யாரும் ஏறக் கூடாது, அடியில் யாரும் உட்காரக் கூடாது என்று அர்த்தம்.

ஏறுகிற வேலை என் மைத்துனனுடையது. மனைவியின் தம்பி. கல்லூரியில் அவனை ‘ஏணி’ என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் அவன் ஏணி வைத்து ஏறி யாரும் பார்த்ததில்லை. ஒரு கயிறு, இடுப்பில் ஒரு அரிவாள், அவ்வளவுதான். பட்ட கிளையை வெட்டுவான், உச்சியில் பூத்ததைப் பறித்துத் தருவான். ஒவ்வொரு தடவையும் நான் தட்டிக் காட்டிய பிறகுதான் கயிற்றை வீசுவான். அவனுக்கும் காது உண்டு. ஆனாலும் என் முகத்தைப் பார்ப்பான். “அத்தான் தட்டிப் பாத்துட்டா போதும், கண்ண மூடிட்டு ஏறுவேன்” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜாதி.

அறுபத்து நான்காம் எண்ணைப் பற்றிச் சொல்லாமல் மற்றது புரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், பள்ளத்து ஓரத்தில், பெரிய வாகை ஒன்றின் நிழலில் இடுப்புயரக் கன்று ஒன்றைக் கண்டேன். நாவலின் இனம் என்று தெரிந்தது. ஆனால் இலை நாவலைவிட அகலம், மெல்லிசு, நுனி வாலாக நீண்டிருந்தது. நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் ஒரே ஒரு கிளையை உலர்த்தி வைத்துவிட்டுப் போன, அதன் பின் யார் கண்ணிலும் படாமல் அழிந்ததாக எழுதப்பட்ட ஒரு வகை இருந்தது. அதன் இலையோடு இது பொருந்தியது. பொருந்துகிறது என்று எழுதி அனுப்பினேன். பூவைப் பார்க்காமல் மரத்துக்குப் பெயர் சொல்லாதே என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். எனக்கு அப்போது முப்பது வயது, காத்திருக்கப் பொறுமை இல்லை.

அந்த ஒரு கன்றினால்தான் காடு பிழைத்தது, அதை மறந்துவிடாதீர்கள். விளையாட்டுத் திடலுக்காகக் கீழ்ப்பாதியை வெட்ட வந்தார்கள். அறுபத்து நான்கு இருக்கிறது என்று சொன்னேன், திரும்பிப் போனார்கள். ஆய்வகக் கட்டிடத்துக்காக வந்தபோதும் அதே கதைதான். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சில படங்களில் நானும் இருக்கிறேன். இப்போது இன்னொரு மாணவர் விடுதிக்காக மூன்றாம் முறை கேட்கிறார்கள். அடுத்த மாதம் ஒரு நிபுணர் வந்து மரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதை வைத்து முடிவு செய்வதாகக் கல்லூரி முதல்வர் சொன்னார். நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

இருபத்தெட்டு வருடம் அது பூக்கவில்லை. வாகை நிழலில் குறுகி நின்றது. இலவு காத்த கிளி மாதிரி ஒவ்வொரு பருவத்திலும் போய் அண்ணாந்து பார்ப்பேன். போன வருடக் காற்றில் வாகை சாய்ந்தது, அறுபத்து நான்குக்கு முதன்முதலாக வெயில் கிடைத்தது. இந்த வருடம் எனக்குக் கண்ணில் அறுவை நடந்து இரண்டு மாதம் வீட்டோடு கிடந்தேன். திரும்பி வந்தபோது, அந்தத் திங்கட்கிழமை காலையில், உச்சியில் ஏதோ கொத்துக் கொத்தாகத் தெரிந்தது. மைத்துனனை ஏறச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், பை எடுத்து வர நானே ஓடினேன். சந்தோஷத்தில்தான்.

அவன் மேலே வெகுநேரம் இருந்தான். இறங்கி வந்து, பையை என் காலடியில் வைத்துவிட்டு, வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினான். ஊதா நிறம்.

“அத்தான், நாவப்பழம். விடுதி வாசல்ல கொட்டிக் கெடக்குதே, அதேதான். நல்ல இனிப்பு.”

பிறகு சிரித்தான். கிண்டல் சிரிப்பு இல்லை. ஒரு குழந்தை கீழே விழுந்து எழுந்தால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படி. நான் ஒரு பழத்தை வாயில் போட்டேன். கொட்டையை வெட்டிப் பார்த்தேன். வெயில் பட்ட கிளைகளின் இலைகளைப் பார்த்தேன். சிறியவை, தடித்தவை, சாதாரண நாவல் இலை. நிழலில் வளர்கிற கன்றின் இலை அகன்றும் மெலிந்தும் இருக்கும் என்பதை நான் எத்தனையோ பேருக்கு நடத்தியிருக்கிறேன். நாவலுக்கு என் பட்டியலில் ஏற்கெனவே ஒன்பதாம் எண் உண்டு. அப்படியானால் காட்டில் இருப்பது நூற்றுப் பதினோரு வகை.

அன்று என்னை நானே கட்டுப்படுத்திக்கொண்டேன். பொறுமையாக அவனோடு பேசினேன், பழங்களைக் குழி தோண்டிப் புதைத்தோம். அவன் மறுபடி ஏறி மிச்சத்தையும் பறித்துப் போட்டு ஒத்தாசை செய்தான்.

மறுநாள் மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தான். மனைவி பரிமாறிக்கொண்டே, “ஏன்டா, உங்க அத்தானோட மரத்தப் பாக்க யாரோ பெரிய ஆளு வராராமே?” என்று கேட்டாள். அவன் சாப்பிடுவதை நிறுத்தாமல், “வரட்டும்க்கா. அத்தான் சொன்னா சொன்னதுதான். அத மாத்த யாரால முடியும்?” என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை. நடந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி முப்பத்தொன்றாம் எண். அது மருதம், காட்டிலேயே உயரமானது. அறுவைக்கு முன்பே அதைத் தட்டிப் பார்த்திருந்தேன். தெற்குப் பக்கம் பானைச் சத்தம். ஒரு இரும்புக் கம்பியை விட்டுப் பார்த்தேன், ஒரு முழ ஆழத்துக்கு உள்ளே போயிற்று. மேலே கவை பிரிகிற இடத்தில் இன்னும் மோசமாகத்தான் இருக்கும். சிவப்பு வளையம் பூசியிருக்க வேண்டும். அன்று சாயம் தீர்ந்திருந்தது, பிறகு கண் அறுவை வந்துவிட்டது. அதுவரைக்கும் அது வெறும் கவனக்குறைவுதான், அதற்காக நான் வருந்துகிறேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவனை அங்கே வரச் சொன்னேன். உச்சிக் கிளையில் புல்லுருவி படர்ந்திருக்கிறது, வெட்டி எடு என்றேன். புல்லுருவி நிஜமாகவே இருந்தது. நான் பொய்யான வேலை சொல்லவில்லை. வழக்கம்போல அவன் காத்திருந்தான். வடக்குப் பக்கம் வேர் பருத்து ஏறுகிற இடத்தில் ஒரு சாண் அளவுக்கு நல்ல மரம் மிச்சம் இருந்தது, முதல் நாளே போய்த் தேடி வைத்திருந்தேன். அங்கே மூன்று முறை தட்டினேன். கணீரென்று கேட்டது.

“என்ன அத்தான், ஏறலாமா?”

“ஏறு மாப்ள.”

நாற்பதடி உயரத்தில் கவை முறிந்தது. மரம் முறிகிற சத்தம் பெரிதாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உளுத்த மரம் ரொட்டி மாதிரிதான் பிட்டுக்கொண்டு வரும்.

அவன் உடனே இறக்கவில்லை. பதினோரு நிமிடம் ஆயிற்று. என் கைப்பேசி சட்டைப் பையில்தான் இருந்தது, காவலாளியின் அறையும் கூப்பிடு தூரம். “அத்தான், காலு இருக்கறதே தெரியல” என்று இரண்டு முறை சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன், தனியாக விடவில்லை. “மரம் நல்லாத்தானே கேட்டுச்சு” என்றான். ஆமாம், எனக்கும் நல்லாத்தான் கேட்டது என்று சொன்னேன். அந்த நேரத்தில் அவனைக் கலங்கடிப்பதில் என்ன பிரயோஜனம்?

எல்லாம் முடிந்த பிறகு, பையிலிருந்த சாயத்தை எடுத்து மரத்தைச் சுற்றி வளையம் பூசினேன். பூச வேண்டிய வளையம்தானே. எச்சரிக்கையை மதிக்காமல் ஏறிவிட்டான் என்று முதல்வரிடம் சொன்னேன். மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். “சின்ன வயசுலேர்ந்தே சொன்ன பேச்சக் கேக்க மாட்டான், பாவி” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் மறுத்துப் பேசவில்லை. தம்பிமேல் கோபப்பட முடிந்தால் துக்கம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன்.

ஏறும்போது அவன் காலணி பட்டையைச் சிராய்த்த இடத்தில், சிராய்ப்புக்கு மேலே சாயம் இருக்கிறது, சாயத்துக்கு மேலே சிராய்ப்பு இல்லை என்று உங்கள் தடயவியல் ஆள் கண்டுபிடித்ததாகச் சொன்னீர்கள். கெட்டிக்காரர். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கண் கிடையாது. அவர் அதைக் காட்டிய பிறகு நான் ஒரு நிமிடம்கூட உங்களை இழுத்தடிக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காரணம் கேட்டீர்கள். பதினோரு ஏக்கர் காடு. நூற்றுப் பன்னிரண்டு வகை. சரி, நூற்றுப் பதினொன்று. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஒரு வார்த்தை வெளியே போனால் மறுவாரமே இயந்திரங்கள் உள்ளே வந்துவிடும். ஒரு பக்கம் அத்தனை மரங்கள், இன்னொரு பக்கம் ஒரே ஒரு ஆள். நிதானமாக யோசித்துப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

இல்லை, அவன் என்னை மிரட்டவில்லை. பணம் கேட்டானா என்று நீங்கள் கேட்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. வெளியே சொல்லிவிடுவேன் என்றும் சொல்லவில்லை.

என்ன சொன்னான் என்றால், திங்கட்கிழமை, குழியை மூடிக்கொண்டிருக்கும்போது, “கவலப்படாதீங்க அத்தான். வருஷா வருஷம் மொட்டு விடும்போதே நானே ஏறி எல்லாத்தையும் கிள்ளிப் போட்டுடறேன். கீழ இருக்கிற இலைய மட்டும் பாத்துட்டுப் போகட்டும், வர்றவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் இருக்கிற வரைக்கும் உங்க மரம் உங்க மரம்தான்” என்றான். சொன்னால் செய்வான். அந்த உயரத்துக்கு ஏறி நுனிக்கிளை வரைக்கும் போகிறவன் அவன் ஒருவன்தான். வேறு யாரையும் நான் அந்த வேலைக்கு நம்ப முடியாது. அடுத்த வருடம் மொட்டு விடும், பழம் உதிரும், யார் வேண்டுமானாலும் குனிந்து ஒன்றைப் பொறுக்கி வாயில் போடலாம்.

அதைச் சொல்லிவிட்டு மண் ஒட்டிய கையால் என் தோளில் தட்டினான். அவனுடைய பதினாறு வயதில் அவனுக்கு முதல் முழுக்கால் சட்டை வாங்கிக் கொடுத்தவன் நான். அவன் என்மேல் இரக்கப்பட்டான். இனி ஒவ்வொரு வருடமும் அவன் மேலே ஏறுவான், நான் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்றுதான் வீடு போய்ச் சேரும்வரை நினைத்துக்கொண்டே நடந்தேன். மூன்று நாளும் அதைத்தான் நினைத்தேன்.

காட்டைப் பற்றி நான் யோசித்தது அவன் விழுந்த பிறகுதான்.