மூணு கிளாஸ் வராத பிள்ளைகள்

சிங்கப்பூர் தேக்காவில் பேருந்து ஏறி உட்கார்ந்தேன். எனக்குப் பின் இருக்கையில் ஒருவன், "இன்னைக்கு நாலு பிள்ளைங்களைப் பூட்டிட்டேன் அக்கா," என்றான். திரும்பிப் பார்த்துவிட்டேன். வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடத்தும் சின்ன அமைப்பில் அவன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான், அவன் பக்கத்தில் இருந்த பெண் அங்கே டீச்சர் என்பது பேச்சில் தெரிந்தது.

"நாம குடுத்த லேப்டாப்பையா?"

"ஆமா. மூணு கிளாஸ் வரலைன்னா ஆபீஸ்லேர்ந்தே லாக் பண்ணணுமாம். புது ரூல்."

"கிளாஸே அதுலதானே நடக்குது லா?"

"அதைத்தான் பாஸ்கிட்ட கேட்டேன். பணம் குடுக்கற டோனருக்கு டிசிப்ளின் காட்டணுமாம்."

நாசமாய்ப் போகட்டும் அந்த டிசிப்ளின்.

"செம்பவாங்ல இருக்கற பிள்ளை கவிதாவுமா? அவ அம்மா நைட் ஷிஃப்ட், தம்பியை அவதானே பாத்துக்கறா. அடுத்த மாசம் பரீட்சைடா. திறந்து விட்டுடேன்."

"திறந்தா பாஸுக்கு மெயில் போயிடும், என் வேலையும் போயிடும். மதியம் அவளே போன் பண்ணினா, அக்கா. 'நான் பாஸ்வேர்ட் தப்பாப் போட்டுக் கெடுத்துட்டேனா அண்ணே'ன்னு அழுதா."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா, இனிமே பாத்துப் போடும்மான்னு சொன்னேன்."