இடம் மாறிய இரண்டு எண்கள்

ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் ஐயா. பரவாயில்லை, எனக்கு அப்படித்தான் பிடிக்கும். காலையிலிருந்தே மனசு பஞ்சாகப் பறக்கிறது. நடுவில் சிரித்துவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தகடு அழுத்தும் தொழிற்சாலையில் நான் எலெக்ட்ரீஷியன். செத்துப்போனவர் என் சகலை, மனைவியின் அக்கா கணவர். அங்கே வரிசையாக நிற்கும் மெஷின்களில், எங்கள் பேச்சில் லைனில், தகடு அழுத்தும் பிரஸ் ஒன்றை ஓட்டியவர். எங்கள் லைன் பழசு. ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் ஒரு காப்புக் கதவு, அதைத் திறந்தால் அந்த பிரஸ் நிற்க வேண்டும். அந்தச் செய்தியைக் கதவோரத்து மாட்யூல், ஒரு சின்னப் பெட்டி, எல்லாருக்கும் பொதுவான ஒரே கேபிள் வழியாக, லைனை இயக்கும் கன்ட்ரோலருக்குச் சொல்லும். பெட்டிக்குப் பெட்டி ஒரு நம்பர். அதை ஸ்க்ரூ டிரைவரால் டயலைத் திருப்பி வைப்பது என் வேலை. கன்ட்ரோலர் நம்பரைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது.

ஒரு தடவை இரண்டு பெட்டிக்கு ஒரே நம்பரை வைத்துவிட்டேன். சிவப்பு விளக்கு எரிந்து லைன் முழுக்கப் படுத்துவிட்டது. யாருக்கும் வரக்கூடிய தப்பு. ஆனால் சகலை அதை விடவே இல்லை. மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்.

"நம்பர் மாப்பிள்ளை வந்துட்டாரு. பாத்து, வேற வீட்டுக் கதவைத் தட்டிடப் போறாரு."

எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். போன மாதம் என் மனைவியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. அன்றைக்குத்தான் யோசனை வந்தது. வந்ததும் உடம்பு எவ்வளவு லேசாகிவிட்டது தெரியுமா, படிகளைத் தாவித் தாவி இறங்கினேன்.

இரண்டு பெட்டிக்கு ஒரே நம்பர் என்றால்தான் கன்ட்ரோலர் கத்தும். சகலை பிரஸ்ஸின் கதவு நம்பரையும் பக்கத்து பிரஸ் கதவின் நம்பரையும் ஒன்றுக்கொன்று மாற்றினால் கத்தாது. இரண்டும் ஒரே ரகப் பெட்டி; அவர் கதவைத் திறந்தால் பக்கத்து பிரஸ்தான் நிற்கும். சாப்பாட்டு நேரத்தில் லைன் அணைந்திருந்தபோது மாற்றினேன். விசில் அடித்துக்கொண்டேதான் செய்தேன், ஒளிந்து செய்யவில்லை.

சகலை காதை நம்புகிறவர். கதவைத் திறப்பார், ஒரு பிரஸ் அடங்கும் சத்தம் கேட்டதும் உள்ளே கையை விடுவார். மதியம் தகடு சிக்கியது. கதவைத் திறந்தார். பக்கத்து பிரஸ் அடங்கியது. அவருடையது நிற்கவில்லை, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே வழக்கம்போலச் சும்மா இருந்தது.

"என்ன மாப்பிள்ளை, இன்னைக்கு நம்பரெல்லாம் சரிதானே?" என்று கண்ணடித்தார்.

"எல்லாம் சரி சகலை," என்றேன். தோள்வரை உள்ளே குனிந்தார்.

அவசர பட்டன் என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. அழுத்தப் போனேன், சத்தியமாக. அழுத்தினால் லைன் முழுக்க நின்றுவிடும். மறுபடியும் என்னால் லைன் நின்றது என்று மேஜையைச் சுற்றிச் சிரிப்பார்கள். கையை எடுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர். எனக்கு அது பெரிய நிம்மதி, நான் கெட்டவன் இல்லை. மாமனார் வீட்டில் இப்போது யாரும் சிரிப்பதில்லை.

கவனக்குறைவுதான், கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள் ஐயா. இந்தத் தடவை நான் நம்பரைத் தப்பாக வைக்கவே இல்லை.