பதினெட்டோடு நின்றுபோன வயதுப் பெட்டி

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, இன்று ஒருநாளாவது நான் சொன்ன நேரத்துக்குள் முடிப்பேன் என்ற நம்பிக்கையோடு அமர்ந்திருக்கும் எங்கள் தலைமையாசிரியர் அவர்களே! புத்தம்புதுக் கருவிகளைப் பெட்டி பெட்டியாய்க் கொண்டுவந்து இறக்கி, அவற்றுக்குள் பாடங்களைப் பதித்த களைப்போடு முன்வரிசையில் வீற்றிருக்கும் இளம் பொறியாளர்களே! வேலையை அப்படி அப்படியே போட்டுவிட்டு, வியர்வை காயும் முன்னே விரைந்து வந்திருக்கும் தாய்மார்களே! உட்கார நாற்காலி இருந்தும் சுவரில்தான் சாய்வேன் என்று நிற்கும் தந்தையரே! என்ன பேசினாலும் என் குரலை நாளைக்கு வகுப்பில் நடித்துக் காட்டப்போகும் என் ஆறாம் வகுப்புச் செல்வங்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

கல்வியில் கருவிகள் நன்மையா, தீமையா என்று பேசச் சொன்னார்கள். நன்மையே என்று முழங்கினால் முன்வரிசை மகிழும். தீமையே என்று முழங்கினால் பின்வரிசை மகிழும். எனக்கோ இரண்டு வரிசையும் வேண்டும்! ஆகவே முழங்கப்போவதில்லை, நடந்ததைச் சொல்லப்போகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். "தாராளமா சொல்லுங்க டீச்சர்" என்றார் அந்த அம்மா. "ஆனா அழுதுடாதீங்க, உங்களுக்கு மூக்கு செவந்துடும்" என்றாள் அவர் மகள். முயன்று பார்க்கிறேன்.

என் வகுப்பில் ஒரு சிறுமி. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வானொலி. பாடத்தைப் படி என்றால் ஏற்ற இறக்கத்தோடு படிப்பாள். நிறுத்து என்றால் மட்டும் காது கேட்காது. எங்கிருந்து வந்தது இந்த வாய்? அப்பாவிடமிருந்து! காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர் அவர். விடிந்தும் விடியாத நேரத்தில் மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று அவர் குரல் கொடுத்தால், தெருக்கோடியில் பேருந்துக்கு நிற்பவருக்கும் தக்காளி விலை தெரிந்துவிடும். பேச்சே அவர் பிழைப்பு, பேச்சே அவர் பெருமை. "இந்த மனுஷனை நிறுத்தற சுவிட்ச் எங்க இருக்குன்னு கல்யாணம் ஆன நாளா தேடறேன் டீச்சர்" என்பார் அவர் மனைவி.

ஒருநாள் பெட்டியின் மேல் நின்றவர் சரிந்து விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் திரும்பியது. கால் திரும்பியது. கை பாதி திரும்பியது. வார்த்தை மட்டும் திரும்பவில்லை! நாம் பேசுவது எல்லாம் அவருக்குப் புரியும். தண்ணீர் கேட்க நினைத்து வாயைத் திறப்பார்; "கதவு" என்று வரும். கதவு இல்லை என்று அவருக்கே தெரியும், தலையில் அடித்துக்கொள்வார். பேச்சுப் பயிற்சி தருபவர் மருத்துவமனையில் இருந்தார்தான். ஆனால் அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்கள் ஏராளம். மாதத்துக்கு ஒரு தடவை முறை வந்தால் பெரிய காரியம்.

பார்க்க வந்த உறவுகளோ, அன்பாலேயே அவரைத் திணறடித்தார்கள். வாயைத் திறந்தால் போதும்: "தண்ணியா மச்சான்? ஃபேன் போடணுமா? தலையணை வேணுமா? பாத்ரூமா?" எதற்காவது தலையாட்டினால்தான் விடுவார்கள். பாத்ரூமுக்குத் தலையாட்டிவிட்டு, தேவையே இல்லாமல் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். சிரிக்கிறீர்கள்! அந்த அம்மா நடித்துக் காட்டியபோது நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். "புத்தி போயிடுச்சு, பாவம்" என்று அவர் எதிரிலேயே சொன்னவர்களும் உண்டு. அதை என்னிடம் சொன்னபோதுதான் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா தையல் ஆலையில் வேலை பார்க்கிறவர்; இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவார். ஒரு மாலை, நம் வானொலி பள்ளியில் கொடுத்த பாடக் கருவியான டேப்பைத் திறந்து, விளையாட்டாகச் சின்னக் குழந்தைகளுக்கான படப் பாடத்தைத் தட்டிவிட்டு, பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு பறவை. "இது என்ன?" என்று கேட்டது கருவி. இவள் கவனிக்கவில்லை. கருவி காத்திருந்தது. பிறகு முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தது: "கு..."

பின்னாலிருந்து ஒரு குரல்: "...ருவி."

திரும்பினாள். அப்பா! மருத்துவமனையிலிருந்து வந்தபிறகு அவர் வாயிலிருந்து சரியாக விழுந்த முதல் வார்த்தை! திரையில் ஒரு கரடிக்குட்டி துள்ளிக் குதித்துக் கைதட்டி, "சபாஷ் குட்டி!" என்றது. இவ்வளவு பெரிய மீசை வைத்த குட்டியை அந்தக் கரடி அதற்குமுன் பார்த்திருக்காது. மகள் சிரிக்கிறாள், அழுகிறாள், அம்மாவுக்குப் போன் பண்ண ஓடுகிறாள். அப்பா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். உதட்டில் விரல் வைத்தார். யாருக்கும் சொல்லாதே!

ஏன் சொல்லக்கூடாது? நாளைக்கு அந்த வார்த்தை வராமல் போய்விட்டால்? ஊரே திரண்டு வந்து, "எங்க, குருவி சொல்லு பாப்போம்" என்று எதிரில் நின்றால்? சந்தையையே கட்டி ஆண்ட குரலுக்கு அந்தப் பயம் இருக்காதா, சொல்லுங்கள்!

அன்று முதல் தினம் மாலையில் பாடம் நடந்தது. குருவி, குடை, நாற்காலி, நிலா. அந்தக் கருவி கொட்டாவி விடவில்லை. கடிகாரம் பார்க்கவில்லை. பாவம் என்று சொல்லவில்லை. அவருடைய வார்த்தையை அவரிடமிருந்து பிடுங்கித் தானே சொல்லவில்லை. காத்திருந்தது! பெற்றவர் உற்றவர் செய்ய மறந்ததைச் செய்த அந்தக் கண்ணாடிப் பலகைக்கு என் கைகளைக் குவித்துச் சொல்கிறேன், நன்றி. முன்வரிசையே, இப்போது கைதட்டிக்கொள்ளுங்கள். இனி தட்ட மாட்டீர்கள்.

ஏனென்றால் காத்திருக்கத் தெரிந்த அந்தக் கருவிக்கு, எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியவில்லை! அப்பாவின் பதில்கள் தடுமாறத் தடுமாற, மகள் பெயரில் இருந்த கணக்கில் நம் வானொலியின் மதிப்பெண் சரிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து மூன்றாவது, மூன்றிலிருந்து மழலை. அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். தன் பாடம் கண்ணெதிரே கரைவதைப் பார்த்துக்கொண்டே, "இன்னொண்ணு சொல்லுங்கப்பா" என்றாள்.

தலைமையாசிரியர் என்னை அழைத்தார். "இந்தப் பொண்ணை அடிப்படைப் பிரிவுக்கு மாத்தணும் டீச்சர். திங்கட்கிழமையிலிருந்து பின்கட்டிடம்."

"சார், வகுப்புல அவ படிக்கிறதை நீங்க கேட்டதில்ல."

"அது உங்க அபிப்பிராயம். இது ஆதாரம்."

ஐயா, நெளியாதீர்கள். உங்கள் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவளையே கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள் என்றேன். வந்தாள். புத்தகத்தைக் கொடுத்தோம். என் வானொலி, தலையைக் குனிந்துகொண்டு, எழுத்து எழுத்தாகத் திக்கினாள்! வேண்டுமென்றே தப்பாகப் படித்தாள்! நன்றாகப் படித்துவிட்டால், அப்படியானால் கருவியில் தடுமாறியது யார் என்று கேட்டுவிடுவோமே! "உன் டேப்பை வேற யாராவது தொடறாங்களா?" என்றேன். "இல்ல டீச்சர். எனக்குத்தான் வரல" என்றாள். பொய் என்று எனக்குத் தெரிகிறது. எதற்கு இந்தப் பொய் என்றுதான் தெரியவில்லை. என் பிள்ளை என் வகுப்பை விட்டுப் போகப்போகிறாளே!

அம்மாவுக்குச் செய்தி போனது. வீட்டில் அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் மகள் வாயே திறக்கவில்லை. உண்மை தெரிந்து கேட்டுக்கொண்டிருந்தவர் அப்பா ஒருவர்தான், அவருக்கோ வாய் திறந்தாலும் வார்த்தை இல்லை.

மறுநாள் காலை, தலைமையாசிரியரும் நாங்களும் இருந்த ஆசிரியர் அறைக்கு மூவரும் வந்தார்கள். அப்பா ஒற்றைக் கையால் தானே சட்டையை மாட்டியிருந்தார். பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். மகள் அவர் கையைப் பிடித்து இழுக்கிறாள். "வேணாம்பா. வீட்டுக்குப் போலாம்பா. நான் பின்கட்டிடத்துலயே படிச்சுக்கிறேம்பா."

அவர் வாயைத் திறந்தார். அறை அதிர ஒரு குரல்: "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

எல்லோரும் திடுக்கிட்டோம். யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். "அது தானா வந்துடுதுங்க, வாய்ப்பழக்கம்" என்றார் மனைவி, உடைந்த குரலில். "வேணுங்கற வார்த்தைதான் வரமாட்டேங்குது." அவர் முகம் சுருங்கிவிட்டது. திரும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். உதடு துடிக்கிறது. தலைமையாசிரியருக்குப் பொறுக்கவில்லை. நல்ல மனசுதான். "உட்காருங்க, என்ன வேணும்? டி.சி. வேணுமா? மகளைப் பத்திப் பேசணுமா?" என்று தொடங்கினார்.

அப்போது அந்தச் சிறுமி கையை உயர்த்தினாள். "சார், எடுத்துக் குடுக்காதீங்க சார். அப்பாவே சொல்லுவாரு."

மணி அடித்தும் ஒருவரும் வகுப்புக்குப் போகவில்லை.

"பாப்பா... இல்ல" என்றார். மூச்சு வாங்கினார். நல்ல கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தார். "நான்."

இரண்டே வாக்கியம்! எத்தனை மேடை ஏறியிருக்கிறேன், எத்தனை வார்த்தை கொட்டியிருக்கிறேன்! அந்த இரண்டுக்கு ஈடாக ஒன்று சொன்னேனா? ஊருக்குத் தெரியக்கூடாது என்று உதட்டில் விரல் வைத்தவர், மகளுக்காக ஊரறிய உடைத்தார். தலைமையாசிரியர் எழுந்து, தன் நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டார். பின்கட்டிடப் பேச்சு அங்கேயே முடிந்தது. ஆமாம், என் மூக்கு சிவந்துவிட்டது. தெரியும், பிள்ளைகளே.

இப்போது கேட்கிறேன், அறிவார்ந்த அவையே! அப்பா சொல்லட்டும் என்று நின்றாளே, அந்தப் பக்குவத்துக்கு எந்தத் திரையில் மதிப்பெண் விழுந்தது? வேகத்தை அளந்தோம், விடையை அளந்தோம், வீழ்ச்சியையும் அளந்தோம். வளர்ச்சி எங்கே நடந்ததோ அங்கே யாராவது பார்த்தோமா? கருவி வேண்டாம் என்றா சொல்கிறேன்? வேண்டும்! கட்டாயம் வேண்டும்! ஆனால் அதன் பக்கத்தில் ஒரு மனுஷி உட்கார்ந்து, "கண்ணு, இதைச் சொல்றது யாரு?" என்று கேட்க வேண்டும்.

இன்னும் முடிக்கவில்லை ஐயா, இதோ. ஒரு மாணவருக்கு ஒரு கணக்கு என்பது விதி. மகளின் கணக்கில் அப்பா படிக்கக்கூடாது. சரி, நியாயம். அவருக்கென்று தனிக் கணக்கு தொடங்க உட்கார்ந்தோம். வயது கேட்டது. நாற்பத்தாறு என்று போட்டோம். சிவப்பு எரிந்தது. முப்பது, சிவப்பு. பத்தொன்பது, சிவப்பு. பதினெட்டோடு நின்றுவிட்டது அந்தப் பெட்டி! "சரியான வயதை உள்ளிடவும்" என்கிறது. அவர் சரியான வயதைத்தான் உள்ளிட்டார், தம்பிகளா! அன்று நின்ற பாடம் இன்றுவரை நின்றுகிடக்கிறது.

என்னங்க, பின்னாலிருந்து? "வயசைக் குறைச்சுப் போட்டா போச்சு"? நாங்களும் சொல்லிப் பார்த்தோம். நாலு என்று போடப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாப்பா இல்லை, நான் என்று அத்தனை பேர் முன்னால் சொன்ன மனிதரைத் திரும்பப் பாப்பாவாக்கச் சொல்கிறீர்களா? கற்பதற்கு வயது உண்டு என்று எந்த மூளை சொன்னது? அவருடைய மூளை சொல்லவில்லையே! அது இந்த நிமிஷமும் வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறதே!

முன்வரிசையில் கண்ணாடி போட்ட பெண்ணே, தலையாட்டுகிறாயே, எழுந்து சொல் கண்ணு. "மாத்திடறோம் மேடம்." எப்போது? "இந்த வாரமே." நீ நன்றாக இருக்க வேண்டும் தாயே! இப்போது தட்டுங்கள், எல்லா வரிசையும் தட்டுங்கள்!

கொஞ்சம் இருங்கள். நான்காவது வரிசையில் நம் வானொலியின் அப்பா எழுந்து நிற்கிறார். ஏதோ சொல்ல வருகிறார். யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள். கைதட்ட வேண்டாம். செல்போனைத் தூக்க வேண்டாம். நாம் காத்திருப்போம்.

காத்திருப்போம்.

கேட்டதா? பின்வரிசைக்கும் கேட்டதா? "எல்லாருக்கும்... வணக்கம்."

என் முடிவுரையை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன். நான் சொல்ல வேண்டிய கடைசி வார்த்தையை அவரே சொல்லிவிட்டார், என்னைவிட அழகாக. பொறுமையாக இருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி.